மாஷிமாவின் கடைசிப் படம்

முகுந்தா,

நேற்று வீடியோவில் குழந்தைக்கென்று ஒழித்து வைத்திருக்கும் அறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். தொட்டில், மௌமிதா பின்னிக்கொண்டிருக்கும் மஞ்சள் போர்வை, பனி படிந்த ஜன்னல், எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியில் தொட்டிலுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்துக்கு முன்னால் போனை நிறுத்தினாய். வெள்ளைத் துணியின்மேல் பச்சையாக மாஷிமா. நான் எடுத்த படம். தலையும் முன்னங்கால்களும் பாதி உடம்பும் நரம்பு நரம்பாகத் தெரிகிற படம். "மூலைல உன் விரல் நிழல்கூட விழுந்திருக்கும்மா, அதான் அதுல அழகே" என்று சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். "நீ வந்து ஒரு ஆறு மாசம் இரு. மாஷிமாவைப் பாத்துண்ட மாதிரி குழந்தையைப் பாத்துண்டா போதும், எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொல்லலாம் என்று நேற்றிரவு முழுக்க நினைத்துப் பார்த்தேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நான் பாதி சொல்வதற்குள் "பரவால்லம்மா, விடு" என்று சொல்லிவிடுவாய். மன்னிப்பதில் உனக்கு அப்படி ஒரு அவசரம். எழுத்தில் வந்தால் குறுக்கே பேச முடியாது. அதுவும் பவானிபூரில் பிறந்து வளர்ந்து வங்காளியில் கவிதையே படிக்கிற நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒவ்வொரு வார்த்தையிலும் கொஞ்சம் நிற்பாய். எனக்கு அதுதான் வேண்டும். மௌமிதாவுக்கு நீயே வாய்விட்டுப் படித்துச் சொல். எனக்குச் சாதகமாக எதையும் விட்டுவிடாதே.

நீ ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அந்த வலைக்கூண்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? உன் காலேஜ் சிநேகிதன் முட்டையாகக் கொடுத்து, நீ பொரித்து வளர்த்த இலைப்பூச்சி. அப்போது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாய் வளர்க்கிறார்கள், கிளி வளர்க்கிறார்கள், நம் வீட்டுப் பிள்ளை பூச்சி வளர்க்கிறானே என்று எனக்கு வெளியில் சொல்லவே வெட்கம். தினம் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாடுவதற்குள் கொய்யாக் கிளையை மாற்ற வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குப் பாடம் நடத்தினாய். நம் தெருவில் வயதான அம்மாள்களை எல்லாம் மாஷிமா என்றுதானே கூப்பிடுகிறோம், அவர்கள் படியேறும்போது ஆடி ஆடி ஏறுவதைப் போலவே இதுவும் நடக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தாய். டாக்ஸியில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி நீ சொன்னதைத்தான் நான் இப்போது தினம் நினைத்துக்கொள்கிறேன். "கூண்டை விட்டு அவளை வெளில எடுக்காதேம்மா. இலை மேல இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது." நான் சரி என்று தலையாட்டினேன்.

முதல் கொஞ்ச நாள் கடமைக்குத்தான் செய்தேன். பக்கத்து வீட்டு மித்ரா பௌதியின், நம் பாஷையில் மித்ரா மன்னியின், கொல்லையில் இருக்கிற கொய்யா மரத்திலிருந்து கிளை ஒடித்து வந்து, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சொருகி வைப்பேன். பிறகு மாஷிமாவைத் தேடுவேன். தேடினால் கிடைத்தால்தானே! வங்கியில் இருந்த காலமெல்லாம் காசோலைக் கையெழுத்தைக் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்த கண் இது. சுழி கொஞ்சம் மாறினாலும் பிடித்துவிடுவேன். அந்தக் கண்ணுக்கே அது டிமிக்கி கொடுத்தது. பாதி கடித்துப் போட்ட இலைபோல ஓரம் பழுப்பாகி, நடு நரம்பு ஓடி, காம்பு மாதிரி தலையை நீட்டிக்கொண்டு அது தொங்கும். மூச்சு விட்டால் மட்டும் மெல்ல ஆடும். காற்று வந்தால் இலை ஆட வேண்டும் அல்லவா, என் மூச்சைக் காற்றென்று நினைத்துக்கொண்டது. அப்படிக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "எங்கே இருக்காள், கண்டுபிடி" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் எனக்கு அது என்னவாக இருந்தது என்பது தெரியாது. உன் அப்பா போன பிறகு நமக்குள் பேச்சு என்று என்ன இருந்தது? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே குளிரா, குளிர். அவ்வளவுதான். அந்த ஒரு படத்துக்கு நீ திரும்பத் திரும்ப எழுதினாய். இடது பக்கம் மூன்றாவது இலைக்குக் கீழே என்று வட்டம் போட்டு அனுப்பினாய். மறுநாள் நீயே கேட்டாய், இன்றைக்குப் படம் எங்கே என்று. தோல் உரிப்பதற்காக அது தலைகீழாகத் தொங்கிய அன்றைக்கு நீ ஆபீஸ் மீட்டிங்கை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாய். உரித்த தோலை அதுவே தின்றதைப் படம் பிடித்து அனுப்பியபோது, சின்னப் பிள்ளையில் சிரித்த மாதிரி சிரித்தாய். பெற்ற பிள்ளையோடு பேச எனக்கு ஒரு பூச்சி தேவைப்பட்டது. அதில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை, பேச்சு வந்ததே என்றுதான் இருந்தது.

ஆசை யாரை விட்டது? கரியாஹாட்டில் நடைபாதைக் கடையில் போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். அதை மாட்டினால் விரலிடை தூரத்துக்குப் போக வேண்டும், அப்போதுதான் தெளியும். முழங்கைகளைக் கவிழ்த்த டப்பாக்கள்மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்கப் பழகினேன். அடக்காவிட்டால் அது ஆடிவிடும், படம் கலங்கிவிடும். அதன் கண் கடுகைவிடச் சின்னது, அதற்குள்ளும் கோடுகள் இருப்பது தெரிந்தது. தெளித்த தண்ணீரைக் குடிக்கும்போது வாய் அசைவது தெரிந்தது. அப்படி எடுக்கும்போது எனக்கு வேறு எதுவும் தெரியாது. முழங்கால் வலி தெரியாது, காலிங்பெல் கேட்காது. அருகில் போகப் போக மற்ற உலகம் மறைந்துவிடுகிறது என்பதை அப்போது ஒரு சுகமாக நினைத்தேன்.

இவ்வளவும் நமக்குள்ளேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் குடும்பக் குழுவிலும் போட்டேன். உன் கமலா சித்தி உடனே, "அக்கா, வெறும் கொய்யா இலையைப் போட்டுட்டு என்னத்தைப் பாக்கச் சொல்றே?" என்று கேட்டாள். நான் வட்டம் போட்டுக் காட்டினேன். அப்போதும், இருக்கும் இருக்கும் என்றாள். எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு அழகை நான் வளர்த்து வைத்திருக்கிறேன், ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை என்றால் எப்படி? தெரியாமல் இருப்பதுதான் அதன் அழகு என்று நீ சொல்லியிருக்கிறாய். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டிருக்கிறேன். கேட்டது காதோடு போயிற்று.

இந்தப் புத்தி எனக்குப் புதிது அல்ல, முகுந்தா. அதைத்தான் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். நீ ஒளிந்துகொள்கிற குழந்தை. யாராவது வீட்டுக்கு வந்தால் கூடத்துத் திரைக்குப் பின்னால் போய் நிற்பாய், திரைக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும் தெரியும். அந்தத் திரைக்குப் பின்னால் நீ பாடுவாய். யாரும் சொல்லிக் கொடுக்காமல், ரேடியோவில் கேட்டதை, அவ்வளவு சுத்தமாகப் பாடுவாய். ஒரு நவராத்திரிக்கு, கொலு பார்க்க ஆபீஸ் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தபோது, உன்னைத் திரையிலிருந்து இழுத்து வந்து படிகளுக்கு முன்னால் நிறுத்தினேன். பாடு என்றேன். நீ திரும்பித் திரையைப் பார்த்தாய். நான் உன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன். இரண்டு வரி பாடினாய், மூன்றாவது வரி வரவில்லை, டிராயர் நனைந்துவிட்டது. வந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உனக்கு எது நினைவிருக்கிறதோ இல்லையோ, என் சிரிப்பு நினைவிருக்கும்.

அதன் பிறகு நீ பாடி நான் கேட்கவில்லை. விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். போன வருஷம் மௌமிதா பேச்சுவாக்கில், முகுந்த் பாத்திரம் தேய்க்கும்போது என்னமாய்ப் பாடுகிறான் மா என்றாள். எனக்குத் தெரியும் என்பதுபோல நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை.

உன் அப்பா அப்படி இல்லை. நீ திரைக்குப் பின்னால் இருக்கிறாய் என்று தெரிந்தால், நாற்காலியை நகர்த்தி, திரைக்கு முதுகைக் காட்டி, பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கத்தைப் புரட்டக்கூடச் சத்தம் வராது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து பாட்டு வரும். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன இப்படி மரக்கட்டையாட்டம் உட்கார்ந்திருக்கிறீர்கள், குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பேன். "அவன் வரச்சே வரட்டும்" என்பார். அது சோம்பேறித்தனம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

இனி மகாளய அமாவாசைக்கு வருகிறேன். நீ அங்கே இருப்பதால் தர்ப்பணம் எல்லாம் உன் சௌகரியப்படி. சமைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பதுதான் என் பங்கு. அமாவாசைக்கு மட்டும் இல்லை, உன் அப்பா போன நாளிலிருந்து தினமும் மத்தியானம் அங்கே வைக்கிறேன். முதலில் மித்ரா பௌதி, பிச்சைக்காரர்களுக்குப் போடாமல் காக்கைக்கு நெய் ஊற்றிப் போடுகிறாயே என்று கேலி செய்வாள். இப்போது ஒருநாள் நான் மாடிக்கு வரத் தாமதமானால் அவளே கீழேயிருந்து குரல் கொடுப்பாள், உன் விருந்தாளி வந்தாச்சு என்று. நிறையக் காக்கைகள் வந்தாலும் ஒன்றை எனக்குத் தெரியும். இடது இறக்கையில் ஒரே ஒரு சிறகு மட்டும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவை கத்திக் கூப்பாடு போடும்போது அது சுவரில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். உன் அப்பா அப்படித்தானே சாப்பிட வருவார். நான் பைத்தியம் இல்லை, அது காக்கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதனிடம் மரியாதை இல்லாமல் பேச எனக்கு வராது.

அன்றைக்கு மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. தெருக்கோடியில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல் முடித்து, வடை, பாயசம், எல்லாம் எடுத்து மூடி வைத்துவிட்டு, சாதம் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தேன். அந்த வெயிலைப் பார்த்ததும் எனக்குள் அந்தப் பழைய சனி எழுந்துவிட்டது. பால்கனியில் வலைக்குள் இலையோடு இலையாகத் தொங்கினால் எப்படித் தெரியும்? வெள்ளைத் துணிமேல் விட்டால் கமலாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். கூண்டின் ஜிப்பைத் திறந்து, மாஷிமா பிடித்திருந்த கிளையோடு அவளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உன் அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நான்காக மடித்து, கைப்பிடிச் சுவரில் விரித்தேன். வெயில் நன்றாக விழுகிற இடம் அது ஒன்றுதான். தினம் நான் காக்கைக்குச் சோறு வைக்கிற இடமும் அது ஒன்றுதான். நேரமும் அந்த நேரம்தான்.

மாஷிமா கிளையை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். ஒவ்வொரு காலாகப் பிரித்து எடுத்தேன். வேஷ்டிமேல் விட்டதும் அவள் ஆடினாள். காற்று இல்லை, என் மூச்சும் இல்லை, நான் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். இலையே இல்லாத இடத்தில் இலையாக இருக்கப் பார்த்தாள். இன்றைக்கு எனக்கு அது அப்படித் தெரிகிறது, அன்றைக்கு, ஐயோ ஆடாமல் இரேன் என்றுதான் எரிச்சல் வந்தது. லென்ஸை அருகில் கொண்டுபோய் எடுத்தேன். நரம்பு நரம்பாகத் தெரிந்தது. இன்னொன்று எடுத்தேன். அப்போது எனக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து, அந்த ஒற்றைக் குரல் வந்தது.

முகுந்தா, இங்கேதான் நீ நின்று படிக்க வேண்டும். நான் அந்தக் குரலைக் கேட்டேன். கேட்கவில்லை, கவனிக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கேட்டேன். யார் என்றும் தெரியும். எங்கே வந்து உட்காரும் என்றும் தெரியும், உட்காரப் பழக்கினவளே நான்தானே. கையை நீட்டி மாஷிமாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்ள ஒரு விநாடி போதும். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருங்கோ, வரேன், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். அந்த ஒன்றை எடுத்தேன்.

கையில் இறக்கை பட்டது. வேஷ்டி சரிந்தது. லென்ஸ் கழன்று கீழே விழுந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது மித்ரா பௌதி வீட்டு மொட்டை மாடியைத் தாண்டிவிட்டது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் கையிலிருந்த புடவையோடு அப்படியே நின்றாள். "நியே கேலோ கோ" என்றாள். கொண்டுபோய்விட்டதே என்று. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் கீழே போய்ச் சோற்றை எடுத்து வந்து வைத்தேன். வடை, பாயசம், எல்லாம் வைத்தேன். கூப்பிட்டேன். எந்தக் காக்கையும் வரவில்லை. அமாவாசையன்று காக்கை எடுக்காமல் நாம் சாப்பிடக் கூடாது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பக்தியால் இல்லை.

செய்த தப்பு அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் வேண்டாம். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். காலையில் பார்த்தேன், கூண்டின் அடியில் அசையாமல் கிடந்தாள், வயதாகிவிட்டது போல என்றேன். வாயில் அது அவ்வளவு சரளமாக வந்தது. எங்கே புதைத்தாய் என்று கேட்டாய். கறிவேப்பிலைத் தொட்டியில் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் சோற்றையும் மறைத்தேன். ஒரு படம் அனுப்பம்மா என்றாய். வெறும் மண்ணைக் கிளறிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். அதோடு அந்தக் கடைசிப் படத்தையும், போன வாரம் எடுத்தது என்று பொய் சொல்லி அனுப்பினேன். நீ அழுதாய். சத்தம் வராமல் அழுதாலும் எனக்குத் தெரியும். பிறகு என்னைத் தேற்ற ஆரம்பித்தாய். "நீ நன்னா பாத்துண்டேம்மா. யாராலயும் இப்படிப் பாத்துண்டிருக்க முடியாது." அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மாஷிமா கூண்டுக்குள் இட்டு வைத்திருந்த முட்டைகளை உன் சிநேகிதன் வந்து வாங்கிக்கொண்டு போனான். அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மித்ரா பௌதி அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்கிறாள். பால் வாங்க இறங்கினால் படிக்கட்டில் கேட்கிறாள், பூஜை முடிந்து விஜயதசமிக்கு இனிப்பு கொண்டுவந்து என்னைக் கட்டிக்கொண்டபோது காதில் கேட்டாள், பையனிடம் சொன்னாயா என்று. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக் கழித்தேன். குடும்பக் குழுவில் நான் போட்ட அந்தக் கடைசிப் படத்துக்கு வந்த பாராட்டு கொஞ்சமா? கமலா அதைத் தன் போனின் முகப்பிலேயே வைத்துக்கொண்டாள். இப்போதுதான் அக்கா தெரியறது என்று எழுதினாள். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன்.

கொஞ்ச நாள் சோறு வைப்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் காக்கை சமையலறை ஜன்னலுக்கே வந்து உட்கார்ந்து பார்த்தது. அதன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்கென்ன தெரியும்? வருஷக்கணக்காக இந்த நேரத்துக்கு இந்தச் சுவரில் உங்களுக்கு ஒன்று இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது வந்து எடுத்துக்கொண்டது. மறுபடி வைக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இப்போது பேசுவதில்லை. வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பூச்சிக்காக அம்மா இவ்வளவு வருத்திக்கொள்கிறாளே என்று நினைப்பாய். ஒரு பூச்சி என்று நீ நினைத்திருந்தால் குழந்தையின் தொட்டிலுக்கு எதிரே அதை மாட்டியிருக்க மாட்டாய். நீ என்னை நம்பி ஒன்றை விட்டுப் போனாய். எது செய்யாதே என்று சொன்னாயோ அதைச் செய்தேன். ஆபத்து வருகிற சத்தம் காதில் விழுந்த பிறகும், இன்னும் ஒன்று என்று நின்றேன். பிறகு பொய் சொன்னேன், அந்தப் பொய்க்கு நீ கொடுத்த நல்ல பெயரைப் போட்டுக்கொண்டு மூன்று மாதமாக உன்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த நல்ல பெயரைக் காட்டித்தான் உன் குழந்தையை என் கையில் கொடுக்கப் போகிறாய். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

வர ஆசை இல்லையா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. உன் வீட்டில் நான் ஒரு அறையில் இருந்து, நீ சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. உன் குழந்தை உன்னைப் போலத் திரைக்குப் பின்னால் நிற்கிற குழந்தையாகப் பிறந்தால், நான் எப்படி இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. வயதானால் புத்தி வரும் என்பார்கள். எனக்கு வயதான பிறகுதான் ஜிப்பைத் திறந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்காரப் பார்க்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு யோசனை மட்டும் கேள். நீங்கள் இருவரும் குழந்தையைப் படம் எடுப்பீர்கள், எடுக்காமல் எப்படி? அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். இன்னும் ஒன்றே ஒன்று என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதைக் குடும்பக் குழுவிலும் போடப் போகிறேன். பாராட்டினவர்கள் எல்லோரும் படிக்கட்டும். நாளைக் காலையில் மித்ரா பௌதி கேட்கும்போது ஆமாம் என்று சொல்லலாம்.

இப்போது எழுந்து குழந்தையின் அறைக்குப் போ. அந்தப் படத்துக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் போய் நில். வேஷ்டியின் மேல் மூலையில் ஒரு நிழல் இருக்கிறதே, அதிலிருந்து ஒன்று மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என் விரல் இல்லை, முகுந்தா. அது ஒரு சிறகு. பார்த்துவிட்டு, நான் வரலாமா என்று சொல்.

அம்மா